வாயை மூடிச் சிரிப்பவன்

ஐப்பசி மழை அன்றைக்குத் தஞ்சாவூரை விடுவதாகவே இல்லை. காலையில் தூறலாக ஆரம்பித்தது, மத்தியானம் கொட்டி, சாயங்காலம் மறுபடி தூறி... ஊரே சொதசொதவென்று கிடந்தது.

பழைய பஸ் ஸ்டாண்டில், ஒரத்தநாடு பஸ் நிற்கிற பக்கம், தகரக் கூரைக்கு அடியில் ஒண்டிக்கொண்டு நின்றாள் சுடர்விழி. பல் டாக்டர். மருத்துவக் கல்லூரி சாலையில் தமிழ்நிலா டாக்டரின் கிளினிக்கில் வேலை. நாள் முழுக்க "வாயை நல்லாத் திறங்க... ம், இன்னும்... கடிங்க... துப்புங்க" என்று அதட்டி அதட்டி, குரலே அப்படி ஆகிவிட்ட பெண். அதட்டலுக்குப் பின்னால் ஒரு பூ மனசு இருப்பது அவள் அம்மா அம்சத்துக்கு மட்டும்தான் தெரியும். அம்சம் அதை வெளியில் சொல்லமாட்டாள்.

பஸ் வருகிறதென்று கூட்டம் முண்டியது. சுடரும் ஓரெட்டு முன்னால் வைத்தாள்... சளக்!

குனிந்து பார்த்தாள். யாரோ துப்பி வைத்த பாக்குப் புகையிலை எச்சில். போன வாரம்தான் வாங்கிய செருப்பு. வார் முழுக்கச் சிவப்பு.

"ச்சீ... கர்மம்!"

நிமிர்ந்தாள். எதிரே தூணோரம் ஒருத்தன் போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். நல்ல உயரம், நனைந்த நீலச் சட்டை. சிரிக்கும்போது உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டான். பொத்தும் முன்னால் இவள் பார்த்துவிட்டாள்... பல்லெல்லாம் பழுப்பு. இது போதாதா நம்ம டாக்டரம்மாவுக்கு?

"ஏங்க... உங்களைத்தான்!"

"என்னையாங்க?"

"பொட்டலத்தைப் பிரிச்சு வாயில போட்டா அதோட இருக்கணும். நாலு பேர் நடக்குற இடத்துல துப்பி வெச்சா எப்படிங்க?"

"நான் துப்பலைங்க."

"உங்க பல்லே சொல்லுதே!"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள். அவன் கோபப்படவில்லை. அந்தக் கண்கள் இருக்கின்றனவே... பெரிய, தூக்கம் கலையாத மாதிரியான கண்கள்... அவை அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தாழ்ந்தன. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினான்.

"காலைக் கழுவிக்குங்க. பஸ்ஸை எடுத்துடப் போறாங்க."

அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் இவளும் இரண்டு வார்த்தை கூடப் போட்டு நிம்மதியாக ஏறியிருப்பாள். இப்போது கையில் ஒரு அந்நியனின் பாட்டிலை வைத்துக்கொண்டு, மழையில் காலைக் கழுவிக்கொண்டு... அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது.

பஸ்ஸில் இவளுக்கு ஜன்னலோர சீட். அவன் முன்பக்கம் கம்பியைப் பிடித்து நின்றான். ஊர் எல்லை தாண்டி வயல் வந்ததும் மழை விட்டது. நடவு முடிந்த பச்சைமேல் திடீரென்று மஞ்சள் வெயில். கண்டக்டர் ஏதோ கிண்டலடிக்க, அவன் வாயைப் பொத்த மறந்து வாய்விட்டுச் சிரித்தான். சாய்ந்த வெயில் நேராக அந்தப் பல் வரிசையில் விழுந்தது.

சுடர்விழி விறைத்துப்போனாள்.

புகையிலைக் கறை என்றால் ஈறோரத்தில் திட்டுத் திட்டாக அப்பிக் கிடக்கும். தினமும் பத்துப் பேருக்குச் சுரண்டி எடுக்கிறவள் அவள். இது அப்படியில்லை. பல்லுக்கு உள்ளேயிருந்து வருகிற நிறம். பனங்கற்கண்டு மாதிரி வெளிச்சம் ஊடுருவுகிற பழுப்பு, ஓரத்தில் லேசான நீலம். மேல்பூச்சு அங்கங்கே பெயர்ந்து, பாதிப் பல் தேய்ந்து... மூன்றாம் வருஷப் பாடப்புத்தகத்தில் வண்ணப் படமாகப் பார்த்ததுதான். நேரில் இதுதான் முதல் தடவை.

'டென்டினோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா... ஐயோ, பிறவிக் குறை! இந்த மனுஷன் ஒரு பாக்குத் தூள்கூட வாயில் போட்டிருக்கமாட்டார். நீயெல்லாம் ஒரு பல் டாக்டரா சுடர்?'

எழுந்து போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைப்பதற்குள் அவள் ஊரான மருதங்காடு வந்துவிட்டது. கூட்டம் அவளைத் தள்ளி இறக்கிவிட்டது. பஸ் போய்விட்டது. அன்றைக்கு ராத்திரி அம்சம் வைத்த வாளைமீன் குழம்பு அவளுக்கு ருசிக்கவே இல்லை.

அடுத்த வாரம் அவர்கள் வீட்டுச் செவலைப் பசு கன்று போட்டது. கிடாரிக் கன்று. அப்பா இராஜாங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் மறுநாள் விடிந்து பார்த்தால் செவலை தொழுவத்தில் சுருண்டு படுத்திருந்தது. காது சில்லிட்டிருந்தது. கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு, எழுப்பினால் எழவில்லை. இராஜாங்கம் பதறிப்போய் அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போன் போட்டார்.

"புது டாக்டராம். பேரு பரிதியாம். உடனே வர்றேன்னாரு" என்றார் மகளிடம்.

தூறலில் ஒரு பைக் வந்து நின்றது. மழைக்கோட்டு, முகத்தில் மாஸ்க். மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள்... தூக்கம் கலையாத மாதிரி.

சுடர்விழி ஓரெட்டு பின்னால் வைத்தாள்.

அவன் அவளைப் பார்த்தான். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. செவலையின் காதைத் தொட்டான், கண்ணை விரித்துப் பார்த்தான், கழுத்து நரம்பில் ஊசியை ஏற்றினான். "மேடம், இந்த பாட்டிலைக் கொஞ்சம் உசரமாப் பிடிங்க" என்று அவள் கையில் கொடுத்தான்.

பிடித்தாள். ஐந்து நிமிஷத்தில் கை கடுத்தது. மாற்றிப் பிடித்தாள்.

"எறக்கிடாதீங்க... இன்னும் கொஞ்சம் மேல" என்றான் நிமிராமலே.

'பழிவாங்குறான்!'

"என்ன ஆச்சு தம்பி இதுக்கு?" என்றாள் அம்சம்.

"ஒண்ணுமில்லம்மா. கன்னு போட்டதும் பால் குபுகுபுன்னு சுரக்குதுல்ல... உடம்புல இருக்குற கால்சியம் மொத்தமும் பாலுக்குப் போயிடும். மாடு தனக்குன்னு வெச்சுக்காது. அதான் படுத்துடுச்சு. இப்ப எந்திரிச்சுடும் பாருங்க."

பாட்டில் காலியானது. கொஞ்ச நேரத்தில் செவலை பெரிதாக ஒரு ஏப்பம் விட்டது. உடம்பைச் சிலிர்த்தது. தள்ளாடி எழுந்து, கன்று எங்கே என்று தேடியது. இராஜாங்கம் வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடிபம்பில் அவன் கை கழுவப் போனான். அடிக்க ஆள் வேண்டுமே... சுடரே போய் அடித்தாள்.

"அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல..."

"செருப்பு தப்பிச்சுதாங்க?"

"மன்னிச்சுக்குங்க. நான் பல் டாக்டர். நானே அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"ஓ... பல் டாக்டரா!" மாஸ்க்குக்கு மேலே கண்கள் சிரித்தன. "நாங்க பல்லைப் பாத்து மாட்டுக்கு வயசுதாங்க சொல்லுவோம். நீங்க பல்லைப் பாத்து மனுஷனுக்குக் குணமே சொல்லிடுறீங்க. பெரிய படிப்புதான்."

சுருக்கென்றது. ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "திட்டுறதா இருந்தா நேராத் திட்டிடுங்க. பாட்டிலைப் பிடிக்க வெச்சு வதைக்காதீங்க."

"அது மாட்டுக்காகங்க. கொஞ்சம் எனக்காகவும்."

"பஸ்ல பாத்தேன். அது கறை இல்ல. உங்களுக்கு..."

"தெரியும்." அவன் குரல் தணிந்தது. "பேரு வரைக்கும் தெரியும். ஒரத்தநாட்டுல மாட்டு டாக்டருக்குப் படிக்கிறப்ப லைப்ரரியில தேடிக் கண்டுபிடிச்சேன். எங்கப்பாவுக்கும் இருந்துச்சு. அவர் போற வரைக்கும் அதுக்குப் பேரு இருக்குன்னே அவருக்குத் தெரியாது."

"அப்புறம் ஏன் போய்க் காட்டல?"

"காட்டி? எல்லாரும் மொதல்ல கேக்குறது 'எத்தனை வருஷமாப் போடுறீங்க'ன்னுதான். இல்லைன்னா நம்பமாட்டாங்க. அதுவும் நம்ம பக்கத்துல... போயிலை போடாத வாய் எதுங்க?"

"நான் கேக்கமாட்டேன். சனிக்கிழமை தமிழ்நிலா டாக்டர் கிளினிக்குக்கு வாங்க. இப்படியே விட்டா நாப்பது வயசுல ஈறோட தேஞ்சுடும். அப்புறம் சோத்தைக் கரைச்சுத்தான் குடிக்கணும்."

"அதட்டுறீங்களே..."

"என் சுபாவம். உங்களுக்குத்தான் முன்னாடியே தெரியுமே!"

சனிக்கிழமை வருவானா மாட்டானா என்று அவள் வாசலைப் பார்த்தது எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. தமிழ்நிலா டாக்டர் எண்ணியிருப்பார், அவர் அப்படிப்பட்டவர். வந்தான். மாஸ்க்கைக் கழற்றுவதற்கு முன்னால் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் அவளுக்கு மனசு என்னவோ செய்தது.

எக்ஸ்ரே எடுத்துத் திரையில் போட்டாள்.

"மேல வெள்ளையாத் தெரியுதுல்ல, அது எனாமல். வெறும் மேல்பூச்சுதான். ஒரு தடவை போட்டதோட சரி, அதைப் போட்ட செல்லெல்லாம் பல்லு முளைக்கும்போதே போயிடும். அடியில இருக்குறது டென்டின். பல்லோட உடம்பே அதுதான். அதுக்கு உயிர் இருக்கு."

"பல்லுக்கு உயிரா?"

"பின்ன? நடுவுல இந்த ரூம் இருக்கு பாருங்க, நரம்பும் ரத்தமும் ஓடுற இடம். அந்தச் சுவத்தை ஒட்டி வரிசையா செல்லுங்க நிக்கும். ஒடோன்டோபிளாஸ்ட்னு பேரு, வாயில நுழையாது, விடுங்க. அதுங்க என்ன பண்ணும் தெரியுமா... நடவு நடுறவங்களைப் பாத்திருக்கீங்கல்ல? நட்டுக்கிட்டே எப்படிப் போவாங்க?"

"பின்னாடி பின்னாடி..."

"அதேதான்! முன்னாடி நட்டுட்டு, ஒரு அடி பின்னாடி வெச்சு, திரும்ப நட்டு... இதுங்களும் அப்படித்தான். வெளிச் சுவத்துல ஆரம்பிச்சு டென்டினைப் போட்டுக்கிட்டே உள்பக்கம் பின்வாங்கும். பின்வாங்குறப்ப ஒவ்வொண்ணும் ஒரு வாலை விட்டுட்டு வரும். அந்த வால் இருக்குற இடம் மெல்லிசாக் குழாய் மாதிரி நின்னுடும். ஒரு கடுகு அளவு இடத்துல ஆயிரக்கணக்குல குழாய்! ஐஸ் தண்ணி பட்டா சுரீர்னு கூசுதே, அந்தக் குழாய்க்குள்ள இருக்குற தண்ணி ஆடுறதுதான். தினம் துளி துளியா நடந்துகிட்டே இருக்கும் இந்த வேலை. வேர் முழுசாகுற வரைக்கும் வேகமா. அப்புறம் மெதுவா... ஆனா ஆயுசுக்கும் நிக்காது. அடிபட்டா, பூச்சி விழுந்தா, அந்த இடத்துல அவசரமா ஒரு சுவரே எழுப்பும்."

சொல்லும்போது அவள் கண்கள் அகன்று மின்னின. பரிதி எக்ஸ்ரேயைப் பார்க்கவில்லை. அந்தக் கண்களைத்தான் பார்த்தான். பிறகு சட்டென்று நினைவு வந்தவனாகத் திரைக்குத் திரும்பினான்.

"எனக்கு என்ன ஆச்சு அப்ப?"

"உங்களுக்கு நடவு வரிசை தப்பிடுச்சு. குழாயெல்லாம் கோணல்மாணல், கொஞ்சம்தான் இருக்கு. டென்டின் வலுவா இல்ல. அது மேல எனாமல் பிடிச்சு நிக்காம பேந்துடுது. ஆனா ஒண்ணு... உங்க ஆளுங்க வேலையை நிறுத்தல. நட்டு நட்டு, அந்த ரூமையே அடைச்சுட்டாங்க. பாருங்க, மத்தவங்களுக்கு நடுவுல கருப்பா இடம் தெரியும். உங்களுக்கு இல்லவே இல்ல."

அவன் திரையருகே குனிந்து அந்த இடத்தைப் பார்த்தான்.

"எங்கம்மா நடவாளுங்க" என்றான் பிறகு. "இந்தக் குனிஞ்ச வேலையிலதான் என்னைப் படிக்க வெச்சாங்க. அம்மா நட்டா கயிறு பிடிச்ச மாதிரி இருக்கும். உள்ளுக்குள்ள நட்டவங்க அவங்ககிட்டக் கத்துக்கலை போல..."

சிரித்தான். கை தானாக மேலே போய் வாயை மூடிக்கொண்டது. சுடருக்கு அந்தக் கையை எடுத்துவிடலாம் போல இருந்தது. எடுக்கவில்லை. கையுறையைச் சரிசெய்துகொண்டாள்.

கார்த்திகை போய் மார்கழி வந்தது. சனிக்கிழமை சனிக்கிழமையாக ஒவ்வொரு பல்லுக்கும் உறை மாதிரி கேப் போட்டாள். வாயைத் திறந்து வைத்திருக்கிறவன் பேச முடியாது என்பதால் இவளே பேசினாள். செவலைக் கன்று, நாகைப் பக்கம் கொட்டுகிற மழை, கிளினிக்குக்கு வந்த கிறுக்குகள்... வாயை மூடச் சொன்னதும் அவன் மொத்தத்துக்கும் சேர்த்துப் பதில் சொல்லுவான். சனிக்கிழமைக்காக அவள் வெள்ளிக்கிழமையே தலைக்குக் குளிக்க ஆரம்பித்தாள். அம்சம் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

கடைசிக் கேப்பும் போட்டாயிற்று. கண்ணாடியை நீட்டினாள். பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"யாரோ மாதிரி இருக்கேன்."

"நீங்கதான். கையை எடுங்க வாயிலேருந்து!"

"கை கேக்கமாட்டேங்குதுங்க... பழக்கம்." கண்ணாடியைக் கீழே வைத்தான். "ஒண்ணாங்கிளாஸ்ல போட்டோ எடுக்க வந்தாங்க. அப்பா பள்ளிக்கூடம் வரைக்கும் கூட வந்தாரு. 'தம்பி, சிரிக்கிறப்ப வாயை மூடிக்கடா'ன்னாரு. அவரு அப்படியே வாழ்ந்துட்டாரு. போன வருஷம் பட்டுக்கோட்டைப் பக்கம் பொண்ணு பாக்கப் போனோம். பொண்ணோட மாமா, 'தம்பி, கொஞ்சம் சிரிங்க'ன்னாரு. மாட்டுச் சந்தையில நாங்க பிடிச்சுப் பாக்குற மாதிரியே பாத்தாரு. சிரிச்சேன். அதோட சரி."

"இப்ப பாக்கச் சொல்லுங்க அந்த மாமாவை!"

"மூடி வெச்சா உள்ள இருக்குறது மாறிடுமாங்க? எனக்குப் பொறக்குற புள்ளைக்கு வரும். பாதிக்குப் பாதி. அதான் அம்மாகிட்டச் சொல்லிட்டேன், இனி பொண்ணு பாக்க வேண்டாம்னு."

"அதனால என்ன? அதுவும் ஒரு பல்லுதானே... தெரிஞ்சே கட்டிக்கிறவ இருப்பா" என்றாள் படபடவென்று. சொன்ன பிறகுதான் முகம் சூடாவது தெரிந்தது.

அவன் எழுந்து பையை மாட்டிக்கொண்டான். "நோயாளிக்கு டாக்டர் சொல்ற ஆறுதல் இதமாத்தாங்க இருக்கு. ஆனா நோயாளிக்கு அதுமேல ஆசை வந்துடக் கூடாது. வர்றேங்க."

போய்விட்டான். நாற்காலி விளக்கை அணைக்காமல் அங்கேயே நின்றாள் சுடர்விழி. கோபம் கோபமாக வந்தது. 'ஆறுதலாம்ல, ஆறுதல்! திமிர் பிடிச்ச மனுஷா... எனக்கு உன்னைப் பிடிச்சிருக்குய்யா. அதை ஒரு டாக்டர் எப்படிச் சொல்லுவா?'

தை பிறந்தது. அறுப்பு மிஷின்கள் வயலில் இறங்கின. சோறாக்கிக்கொண்டிருந்த அம்சம் ஒருநாள் தானாகவே பேச்சை எடுத்தாள்.

"அந்த மாட்டு டாக்டர் பையன்... நல்ல குணம்டி. நம்ம சனம்தான், அப்பா விசாரிச்சுட்டாரு. ஆனா பக்கத்து வீட்டு அம்மாபொண்ணு சொல்றா, போயிலை போட்டுப் பல்லெல்லாம் போயி, இப்பதான் கட்டிக்கிட்டானாமே? நீதானே கட்டுன... நெசமா?"

சுடர் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

என்ன சொல்வாள்? இல்லை என்றால், பிறகு ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பது அவனுடைய ரகசியம். நோயாளி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னதைக் கொண்டுவந்து அடுப்படியில் போட முடியுமா? "எங்கிட்டக் கேக்காதம்மா" என்று மட்டும் சொன்னாள். அம்சத்துக்கு அதுவே பதிலாகிவிட்டது. அவள் முகம் சுண்டிப்போனது.

அந்த வாரமே கோமாரித் தடுப்பூசி போட பரிதி ஊருக்குள் வந்தான். செவலைக்கும் கன்றுக்கும் போட்டு முடித்தான். இராஜாங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத மனுஷன் அவர்.

"தம்பி, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்கக் கூடாது. போயிலைப் பழக்கம் உண்டா?"

உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று சுடர்விழி கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு வார்த்தை போதும். 'இருந்துச்சுங்க, விட்டுட்டேன்' என்று சொன்னால் இராஜாங்கம் சந்தோஷமாகத் தலையாட்டிவிடுவார். அந்த ஊரில் விட்டவன் என்றால் மரியாதைதான். அவர் எதற்காகக் கேட்கிறார் என்று பரிதிக்குப் புரிந்துவிட்டது. அவன் கண்கள் ஒரு தரம் கதவுப் பக்கம் போய்த் திரும்பின.

"போட்டதே இல்லைங்கய்யா" என்றான். "என் பல்லு பிறவியிலேயே அப்படி. பல்லோட உள் உடம்பு சரியா உருவாகல. எங்கப்பாவுக்கு இருந்துச்சு, எனக்கு வந்துச்சு. எனக்குப் பொறக்குற புள்ளைக்கும் பாதிக்குப் பாதி வரலாம். மேல மூடியிருக்கறது உங்க பொண்ணு கை வேலை. நீங்க எதையாச்சும் மனசுல வெச்சுக் கேட்டிருந்தா... இதுதாங்க முழு உண்மை."

அம்சம் முந்தானையைக் கசக்கினாள். பரிதி இரண்டு பேரையும் கும்பிட்டுவிட்டு மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

பைக் சத்தம் தேய்ந்தது. சுடர் வெளியே வந்தாள்.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?" என்றார் இராஜாங்கம்.

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சுமா வெள்ளிக்கிழமையானா தலைக்கு ஊத்திக்கிட்டுத் திரிஞ்சே?" என்றாள் அம்சம். குரல் கம்மியிருந்தது. "நாளைக்கு ஒரு புள்ளை பொறந்து... எல்லாம் யோசிச்சியாடி?"

"யோசிச்சேம்மா. அழுதும் பாத்துட்டேன். அப்புறமும் அவருதான் வேணும்னு இருக்கு."

இராஜாங்கம் தொழுவத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "விட்டுட்டேன்னு ஒரு பொய் சொல்லியிருந்தா நான் இந்நேரம் நாள் பாக்கச் சொல்லியிருப்பேன். அந்தப் பையன் சொல்லல... புள்ளைக்குப் பல்லு எப்படியோ போகட்டும், அம்சம். அப்பன் இப்படி இருந்தாப் போதும். நீ போய்ப் பேசிட்டு வாம்மா. ஆத்துப் பாலம் தாண்டியிருக்கமாட்டாரு."

சைக்கிளை எடுத்தவள்தான். துப்பட்டா ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கம்... பாலத்துக்கு இந்தண்டையே அவன் நின்றிருந்தான். பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு, கீழே புது ஆற்றுக் கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேட்டூர் அணையை அடைத்துவிட்டார்கள். தண்ணீர் இறங்கி, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"டாக்டர் சார்!"

திரும்பினான். முகத்தில் சங்கடம். "உங்க வீட்டுல என்னால ஏதும்..."

"அதெல்லாம் அப்புறம். மொதல்ல இதைக் கேளுங்க. அடுத்த செக்கப்புக்கு எங்கிட்ட வராதீங்க. தமிழ்நிலா மேடம்கிட்டப் பேசிட்டேன், இனி அவங்கதான் உங்களைப் பாப்பாங்க."

அவன் முகம் விழுந்துவிட்டது. "நான் அன்னைக்குப் பேசுனது தப்புதாங்க. அதுக்காக இப்படித் தள்ளிவிடணுமா?"

"ஐயோ... மக்கு மாட்டு டாக்டரே!" அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "நோயாளி மேல டாக்டர் ஆசைப்படக் கூடாது. அதான் தள்ளிவிட்டேன். இனிமே நான் உங்க டாக்டர் இல்ல. இப்ப நான் சொல்றது ஆறுதலும் இல்ல. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. வெறும் சுடர்விழியா சொல்றேன். இப்ப நம்புவீங்களா?"

அறுத்த வயலின் வைக்கோல் வாசனையைக் காற்று கொண்டுவந்தது.

"புள்ளைக்கு வந்தா, சுடர்...?"

முதல்முறையாகப் பேரைச் சொன்னான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். சமாதானம் சொல்ல அவளுக்கு மனசில்லை.

"வரலாம். வராமலும் போகலாம். வந்தா, பால் பல்லு முளைக்கிறப்பவே கேப் போட்டு நான் காப்பாத்திடுவேன். அது என் வேலை. ஆனா ஒருநாள் பள்ளிக்கூடத்துல யாராச்சும் கேலி பண்ணி, அழுதுகிட்டு வந்து நிக்கும். அன்னைக்கு அதுகிட்ட நீங்க என்ன சொல்லுவீங்க? அது உங்க வேலை."

பரிதி ஆற்றைப் பார்த்தான்.

"எங்கப்பா எங்கிட்ட சொன்னதைச் சொல்லமாட்டேன்."

"வேற என்ன சொல்லுவீங்க?"

"'உங்கம்மா இந்த வாயை நல்லாப் பாத்துத்தான் என்னைக் கட்டிக்கிட்டா. நாம எதுக்குடா மூடணும்? சிரிடா'ன்னு சொல்லுவேன்."

"புள்ளைகிட்ட சொல்லவேண்டியதை இவ்வளவு அழகா யோசிச்சாச்சு" என்றாள் சுடர்விழி. "அம்மாக்காரிகிட்டதான் இன்னும் ஒண்ணும் சொல்லல..."

அவன் சிரித்துவிட்டான். வாய்விட்டு, சத்தமாக, ஆற்றோரத்து மரத்திலிருந்து ஒரு கொக்கு எழுந்து பறக்கிற அளவுக்கு. இரண்டு கையும் பைக்கின் சீட்டின் மேலேயே இருந்தன. அவை அங்கே இருப்பது அவனுக்குத் தெரியவே இல்லை. அவளுக்குத்தான் தெரிந்தது.

"பிடிச்சிருக்கு சுடர்" என்றான். "ரொம்பப் பிடிச்சிருக்கு. சொல்லிட்டா நீ பாவம் பாத்து சரின்னுடுவியோன்னு பயந்தேன்... அதான் இவ்வளவு நாளா வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."